ஏழாம் சாவடிக்குப் போகாத லாரி

மார்ச் 4

அன்புள்ள கியர்,

நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? நம் வழங்கல் படைப்பிரிவுக்கு ஐம்பது வயதாகிறதாம். அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டோரில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்தவன் கையில் பேனா! கிடங்கு, லாரிப் பிரிவு, பட்டறை எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். போரின்போது எல்லையில் இருந்த ஏழாம் சாவடியைப் பற்றி, ‘எதிரி பாதையை அடைத்ததால் தண்ணீர் போய்ச் சேரவில்லை’ என்று பழைய அறிக்கையில் உள்ளபடியே போட்டிருக்கிறேன். அப்போது லாரிப் பிரிவுக்கு நீதானே தலைவன்? இத்துடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்,
மூட்டை

மார்ச் 15

அன்புள்ள மூட்டை,

முழங்காலும் மருமகளும் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி நலம்.

பாதை அடைபடவே இல்லையே! மூன்று நாளும் டீசல் நிரப்பிக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றேன். “லோடு எங்கடா?” என்று கேட்டேன். “சாவடியிலேருந்து ஆள்கணக்குச் சீட்டு வரலை. சீட்டு இல்லாம ஒரு கேன்கூட வெளிய போகாது” என்றாய். அங்கே வயர்லெஸ் செத்துக் கிடந்தது, சீட்டு எப்படி வரும்? பதினோரு பேர் தாகத்தில் செத்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி.

இத்தனை வருடம் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், உள்ளதை எழுது. கையெழுத்துப் போடுகிறேன்.

உன்,
கியர்

மார்ச் 24

அன்புள்ள கியர்,

நீ சொன்னதுதான் உண்மை. சீட்டு வராத சாவடிக்கு ஆள் சுழியம் என்று எழுதுவது நம் முறை. முதல் நாள் அப்படித்தான் எழுதினேன். மறுநாள் மனசு உறுத்தியது. ஆனால் நேற்றுச் சுழியம் போட்டவன் இன்று பதினொன்று என்று எழுதினால் மாட்டிக்கொள்வேனே! பயந்துபோய் மறுபடியும் சுழியம் போட்டேன். மூன்றாம் நாளும் அதையே போட்டேன்.

என்னை மன்னித்துவிடுடா. ஐம்பதாம் ஆண்டு விழா மேடையில் என் பேத்திதான் புத்தகத்தின் முதல் பிரதியை வாங்கப் போகிறாள். அவள் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காதே. பழைய வாக்கியமே இருக்கட்டும்.

உன்,
மூட்டை

ஏப்ரல் 2

மூட்டைக்கு,

உன் தாள் கையெழுத்து இல்லாமல் திரும்பி வருகிறது. உன் பேத்தி மேல் எனக்குக் கோபமில்லை, அவள் நன்றாக இருக்கட்டும்.

தம்பியின் கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. ‘அண்ணன் லாரி இருக்கும்போது எனக்கென்ன கவலை’ என்று எழுதியிருக்கிறான். உன் மனசு நோகுமே என்று அதை உனக்குக் காட்டாமலே வைத்திருந்தேன்.

இனி என்னிடமிருந்து உனக்குக் கடிதம் வராது. வராவிட்டால் என்ன எழுதுவது என்று உனக்குத் தெரியும். என் பெயருக்கு நேராகவும் சுழியம் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
ஏழாம் சாவடிச் சிப்பாயின் அண்ணன்