தண்டவாளத்தில் இருபத்திரண்டு மெத்தைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கையில் மட்டும் ஒரு சிராய்ப்பு, அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே சுகம் என்பதை நாலு வரியாவது எழுதிப் போடு, போனில் நீ சொல்லும் ம், ம் என்பதை வைத்து உன் உடம்பை என்னால் கணிக்க முடியவில்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோது அப்பா போனை வாங்கி எல்லாம் வழக்கம்போலத்தான் என்று சொல்லி வைத்துவிட்டாரே, அது சுத்தப் பொய். என்னைச் சொல்லவும் விடமாட்டார், அதனால் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். கடையில் கூட்டம் இருக்க வேண்டும். மற்ற செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் சொட்டுகிறது, குழாய்க்காரரைக் கேட்டால் அதே சொட்டுதான்மா, இடம் மாறியிருக்கு என்கிறார். உன் சித்தி புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து எல்லோரும் வயதாகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவள் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் மெத்தை கம்பெனி பஸ்ஸை நான் ஓட்ட ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் சிமென்ட் ஆலைக்குப் போகும் ரயில் பாதை சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகுமே, அங்கே கேட்டும் இல்லை, கேட் போட ஆளும் இல்லை, ஒரு எச்சரிக்கைப் பலகையும் அதன் கீழே அவசரத்துக்கு ஒரு போன் நம்பரும் மட்டும்தான். வாரத்துக்கு மூன்று தரமோ நான்கு தரமோ சரக்கு ரயில் வரும், எந்த நாள், எத்தனை மணி என்பது அந்த ரயிலுக்கே தெரியாது. ஆட்களை ஏற்றிய பஸ்ஸும் கேஸ் லாரியும் பெட்ரோல் லாரியும் அங்கே ரயில் வந்தாலும் வராவிட்டாலும் நின்றுதான் போக வேண்டும், விதி அப்படி. நானும் ஒன்பது வருடமாக நிற்கிறேன். தண்டவாளத்துக்குப் பதினைந்து அடிக்குக் குறையாமல் நிறுத்துவேன், நாலு பக்க விளக்கையும் மினுக்க விடுவேன், பாட்டை அணைப்பேன், ஃபேனை அணைப்பேன், கதவைத் திறந்து என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கி, எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க என்பேன். வலது, இடது, மறுபடி வலது என்று பார்ப்பேன், காதையும் கொடுப்பேன். அந்தப் பக்கம் முழு பஸ்ஸும் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் கியரில் போட்டால் அதே கியரில் கடந்து முடிப்பேன், நடுவில் மாற்றவே மாட்டேன். இதற்காக பஸ்ஸில் எனக்கு நில்லம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பஸ் கண்ணாடி பின்னால் நடப்பதைப் பார்க்கத்தான் வைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் கம்பெனியில் விரல் வைத்து வருகைப் பதிவு செய்யும் இயந்திரம் வந்தது. எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் அது சிவப்பு காட்டிக் கத்துகிறது. மூன்று நாள் தொடர்ந்து கத்தவும், காரணம் பேருந்து ஓட்டுநர் இல்லாத ரயிலுக்காக நிற்பதே என்று மேனேஜரிடம் ஒரு மனு போயிற்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மனுவை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். முப்பத்தொரு கையெழுத்து. நாலாவது கையெழுத்தைப் பார்த்தேன், வாலை மூன்று சுழி சுழித்துக் கீழே இரண்டு புள்ளி. உலகத்தில் ஒரே ஒரு ஸ்டோர் கீப்பர்தான் அப்படிப் போடுவார், அவர் உன் அப்பா. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஏம்மா, ரயில் கண்ணுக்குத் தெரிஞ்சா நில்லுங்க, தெரியலன்னா போயிடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க, இல்லன்னா சாவிய மாத்து டிரைவர்கிட்ட குடுக்க வேண்டியிருக்கும் என்றார். தண்டவாள வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் ரயில் கண்ணுக்குத் தெரியாது சார், காதுக்குத்தான் தெரியும் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைவிட அந்த இரண்டு புள்ளிதான் எனக்கு வலித்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். எல்லாரும் போட்டாங்க, நான் மட்டும் போடலன்னா பொண்டாட்டிக்கு பயந்தவன்னு சொல்ல மாட்டாங்களா என்றார். இப்ப மட்டும் என்ன சொல்றாங்க என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னோம், சுவரும் இரண்டு பக்கமும் நன்றாகவே கேட்டுக்கொண்டது. மறுநாளிலிருந்து என் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று வீராப்பு வேறு. கம்பெனி டெலிவரி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அவசரம் என்றே பெயர், சாப்பிடும்போதும் நின்றுகொண்டே சாப்பிடுவார். நகரத்துக் கிடங்கிலிருந்து திரும்பி வரும் மெத்தைகளைக் காலையில் ஏற்றி வருவது அவர் வேலை, அந்த வேனில் அப்பா போக ஆரம்பித்தார். முதல் நாள் ஏழு ஐம்பதுக்கே போய்விட்டதாகச் சுவரிடம் பெருமையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை. நான் வழக்கம்போல நின்று, பாட்டை அணைத்து, கதவைத் திறந்து கேட்டேன், ஒன்றுமில்லை. ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்குள் போக ஒரு தண்ணீர் லாரி சாலையை அடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு இடமில்லை, அதனால் நகரவில்லை. பின் சீட்டிலிருந்து முனகல் கிளம்பியது, ரயில் முடிஞ்சு இப்ப லாரிக்கும் நிக்கணுமா என்று ஒரு குரல். அந்த நேரம் பார்த்து என் வலது பக்கமாக வேன் முந்திக்கொண்டு போனது. முன் சீட்டில் அப்பா, நேராகப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பஸ் இருப்பதே தெரியாத முகத்தோடு. வேன் தண்டவாளத்தில் ஏறியது, தண்ணீர் லாரி மறுபடி பின்னால் வந்தது, அவசரம் பிரேக் போட்டுக் கியரை மாற்றினார், வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அப்படியே நின்றுவிட்டது, முன்சக்கரம் ஒரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பின்சக்கரம் இன்னொன்றுக்கு இந்தப் பக்கம். அவர் சாவியைத் திருகுகிறார், திருகுகிறார், அது கிளம்புவதாக இல்லை. பஸ்ஸில் முதலில் சிரித்தார்கள். பிறகு முன் சீட்டில் இருக்கும் தையல் பிரிவு அக்கா, அம்மா, என்னவோ கேக்குது என்றார். கேட்டது. பாட்டு ஓடியிருந்தால் கேட்டிருக்காது. வளைவுக்குப் பின்னாலிருந்து, தூரத்தில் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு வருவதுபோல.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கும் அந்த அவசர நம்பரைத் தையல் அக்காவிடம் காட்டி, கூப்பிட்டு தண்டவாளத்துல வேன் நிக்குதுன்னு சொல்லுங்க, பலகையில இருக்கிற கிராசிங் நம்பரையும் சொல்லுங்க என்றேன், மற்றவர்களை இறங்கிப் பின்னால் தள்ளிப் போகச் சொன்னேன். முப்பத்தெட்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்கள், ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நான் வேனிடம் ஓடினேன். அவசரம் பெயருக்கு ஏற்றபடி ஏற்கனவே குதித்து ஓடியிருந்தார். உன் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். இறங்குங்க என்றேன். இருபத்திரண்டு மெத்தைக்கு என் கையெழுத்து இருக்கு, விட்டுட்டு எப்படி வர்றது, நீ பின்னாடி போய்த் தள்ளு என்றார். பயத்தில் அவருக்குப் புத்தி அந்த ஃபைலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, முகம் வெளுத்து உதடு மட்டும் இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்கிறது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கத்தினால் இவர் இன்னும் கெட்டியாகப் பிடிப்பார் என்பது இருபத்தாறு வருட அனுபவம். அதனால் ஸ்டோரில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன், சரக்கு இருபத்திரண்டும் நான் பெற்றுக்கொண்டேன், பொறுப்பு இனி என்னுது, ஃபைலக் குடுங்க. ஃபைலை நீட்டினார். எண்ணிப் பாக்கலயே என்றார். எண்ணியாச்சு என்றேன். உடனே சமர்த்தாக இறங்கிவிட்டார்.

கையைப் பிடித்துக்கொண்டு ரயில் வருகிற திசைப் பக்கமாகவே, தண்டவாளத்தை விட்டு விலகிச் சரிவாக ஓடினேன். அப்பாவுக்கு அப்போதுதான் புத்தி திரும்பியது, ரயில் வர்ற பக்கமே இழுத்துட்டுப் போறியே, கையெழுத்து போட்டதுக்காடி இந்தக் கோபம் என்று அலறினார். கோபமில்லை, ரயில் இடித்தால் வண்டியின் துண்டு துணுக்கெல்லாம் ரயில் போகிற பக்கம்தான் பறக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. தடுமாறி விழுந்தார், முழங்கை அப்போது பட்டதுதான். வளைவில் எஞ்சின் தெரிந்தது. தையல் அக்காவின் தகவல் போய்ச் சேர்ந்து அவர்கள் பிரேக் பிடித்திருந்தார்கள், ஆனாலும் சரக்கு ரயில் நினைத்த இடத்தில் நிற்குமா, கிறீச்சிட்டுக்கொண்டே மனிதர் ஓடுகிற வேகத்துக்கு வந்து வேனை இடித்து முன்னால் தள்ளிக்கொண்டு போனது. பின்கதவு பிளந்தது. மெத்தைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு வெளியே வந்தன, நாலைந்து கிழிந்து பஞ்சு வானம் முழுக்கப் பறந்தது. அவசரம் ரயில் போகிற அந்தப் பக்கமாகத்தான் ஓடியிருந்தார். பஞ்சு அடங்கிய பிறகு ஒரு மெத்தைக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது, மணி என்னாச்சு என்று. ஒரு கீறல் இல்லை.

ரயில் ஓட்டுநர் இறங்கி வந்தார், நடு வயது, ஆள் யாராவது, ஆள் யாராவது என்று அதையே கேட்டார். யாருமில்லை, எல்லாம் பஞ்சுதான் என்றேன். அவருக்கு நிற்க முடியவில்லை, உட்கார இடம் தேடினார், அன்று அதற்கு மட்டும் குறைவே இல்லை. தண்ணீர் கொடுத்தோம், குடித்துவிட்டு அழுதார். அவர் அழுததைப் பார்த்ததும் நானும் அதே மெத்தையில் உட்கார்ந்துவிட்டேன். சாலையை ரயில் அடைத்துக்கொண்டு நின்றதால் பஸ்ஸை அங்கேயே விட்டு, ரயிலின் வாலைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் கம்பெனிக்கு நடந்தோம். அப்பா பிடித்த கையை விடவில்லை, கம்பெனி வாசலில் அந்த இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டிய நேரத்தில்தான் விட்டார். அது எல்லோருக்கும் சிவப்பு காட்டிக் கத்தியது.

மேனேஜர் அன்றே மனுவைக் கிழித்தார், இயந்திரத்தில் கால் மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னார். நன்றாக முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் எனக்கு ஒரு கடிதம் இருந்தது. பெறுநர், பேருந்து ஓட்டுநர். தங்கள் பொறுப்பில் பெற்றுக்கொண்ட இருபத்திரண்டு மெத்தைகளில் பதினேழு மட்டுமே ஸ்டோருக்கு வந்து சேர்ந்துள்ளன, மீதி ஐந்து குறித்து விளக்கம் தேவை. கீழே மூன்று சுழி, இரண்டு புள்ளி. என்ன இது என்றேன், நீதானே பெத்துக்கிட்டேன்னு சொன்ன, பேப்பர் பேப்பர்தான் என்கிறார். நான் பின்பக்கத்திலேயே விளக்கம் எழுதினேன், ஐந்து மெத்தைக்குப் பதிலாக ஒரு ஸ்டோர் கீப்பர் மீட்கப்பட்டார், சிறு சேதத்துடன் ஒப்படைக்கப்படுகிறார் என்று. ரொம்ப நேரம் படித்தார். ஃபைலில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அப்பா மறுபடி என் பஸ்ஸில் ஏறினார். லெவல் கிராசிங்கில் நின்று எல்லாவற்றையும் அணைத்துக் கதவைத் திறந்தேன். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. அப்பா எனக்குப் பின்னால் குனிந்து என் காதில், நான் கையெழுத்து போட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிடு என்றார். ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் அது கடைசி சீட் வரைக்கும் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், அம்மா, ரயில் வரல, மன்னிச்சு விட்டுட்டீங்கன்னா போகலாம் என்றார். வலது, இடது, மறுபடி வலது பார்த்தேன். கண்ணில் என்னவோ பட்டதால் இன்னொரு தரமும் பார்த்தேன். பிறகு முதல் கியரில் போட்டுக் கடந்தேன்.

கேட் சத்தம் கேட்கிறது, அப்பா வந்துவிட்டார். நீ தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்த வேலையும் நேரத்துக்குச் சாப்பாடுமாக இருக்க வேண்டும். சாலையைக் கடக்கும்போது காதில் அந்தப் பாட்டுக் கருவியை மாட்டிக்கொள்ளாதே, இதை மட்டும் மறக்காதே. அப்பாவும் இந்தச் சம்பவம் பற்றி உனக்குத் தனியாக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் அவரே குதித்து, என்னையும் காப்பாற்றியிருப்பார். நம்பியதாகப் பதில் போடு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா