ஹீட்டர் திரும்பி வருகிறது

விழிதியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஃபாபியனுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் ஆலிசியாவும் பிள்ளைகளும் அந்தப் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தினமும் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை என்பதால், லீவு முடிந்து பிரான்சுக்குத் திரும்பும் தலத்தெரு எலேன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே டிராக்டருக்கென்று நீ அனுப்பிய இஞ்சின் ஹீட்டரும் வருகிறது, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, உங்கள் ஊரில் யாருக்காவது உதவும்.

மார்கழியிலிருந்து காலையில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னதுதான் குற்றம், அன்றிலிருந்து நீ அங்கிருந்தே வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டாய். குளிரில் டீசல் கெட்டியாகிவிடும், இஞ்சினுக்குச் சூடு வேண்டும் என்றாய். ஏனப்பா, காரைக்கால் குளிரில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெயே பாதிதான் உறைகிறது, டீசலா உறையும்? அப்பாவும் உன் பேச்சைக் கேட்டு, நான் குளிக்கப் போட்டிருந்த வெந்நீரைத் தூக்கிப்போய் ரேடியேட்டரில் ஊற்றினார். பேட்டரிக்குச் சார்ஜ் போட்டார், ஒயர் முனைகளைச் சுரண்டினார், டீசல் பில்டரை மாற்றினார், பைப்பில் இருந்த காற்றையும் எடுத்தார். சாவியைத் திருப்பினால் நன்றாகத்தான் சுற்றியது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும், பள்ளிக்கூட நாட்களில் நீ எழுந்திருந்த லட்சணத்தில்.

நீ அதோடு விட்டாயா? வண்டிக்கும் வயதாகிவிட்டது, அப்பாவுக்கும் வயதாகிவிட்டது என்று சொல்லி, வண்டியைப் பார்த்து விலை பேச, பழைய வண்டி வாங்கும் சேக் அலாவுதீனுக்கு நீயே போன் போட்டாய். வண்டி போனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், பிறகு எங்கள் இருவரையும் உன் மூன்றாம் மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்பது உன் கணக்கு. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை.

சேக் அலாவுதீன் வருவதாகச் சொன்ன காலையில் அப்பா சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார், நான் பக்கத்துக் கொடியில் அவர் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வண்டியை எடுத்தால் புகை நேரே என் துணிமேல்தான் வந்து விழும், அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பேன். அன்று வேட்டி பளிச்சென்று இருந்தது. “ஏங்க, இவ்வளவு நேரம் சுத்துது, துளி புகைகூட வரலியே, டீசல் உள்ள போவுதான்னு மொதல்ல பாருங்க” என்றேன். குளிர்தான் காரணம் என்றால் எரியாத டீசல் வெள்ளைப் புகையாகவாவது வரவேண்டாமா? அப்பா குனிந்து பார்த்தார். வண்டியை நிறுத்த இழுப்போமே அந்த ஸ்டாப் கேபிள், குமிழை உள்ளே தள்ளிய பிறகும் பம்ப் பக்கத்தில் பாதியிலேயே நின்று டீசலை அடைத்துக்கொண்டிருந்தது. ஏன் நின்றது தெரியுமா? கடல் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும் என்று போன வருடம் படகுக்குப் பூசும் கிரீஸ் ஒரு டின் அனுப்பினாயே, மகன் அனுப்பியதாயிற்றே என்று அப்பா கைக்கு எட்டிய இடமெல்லாம் அப்பியிருக்கிறார், அந்தக் கேபிளுக்குள்ளும் திணித்திருக்கிறார். அது புழுதியோடு சேர்ந்து அல்வா மாதிரி ஆகி, காலையில் இறுகுவதும் வெயிலில் இளகுவதுமாக இருந்திருக்கிறது. டீசல் விட்டுக் கழுவி எண்ணெய் போட்டதும் முதல் தடவையிலேயே வண்டி பிடித்தது, வேட்டியும் கருத்தது. சேக் அலாவுதீன் வந்தபோது அப்பா வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். இறங்காமலே, “டீ குடிச்சிட்டுப் போங்க பாய், வண்டி குடுக்குறதா இல்ல” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தினமும் காலையில் ஒழுங்காக எடுக்கிறது, அறுத்த நெல்லை அதில்தான் ஏற்றினோம்.

கிரீஸ் விஷயத்தை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டார். “புள்ள ஆசையா அனுப்புனது, தெரிஞ்சா சங்கடப்படுவான்” என்றார். அந்த டின்னைத் தூக்கிப்போடக்கூட மனமில்லாமல் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். உன் மனம் நோகக் கூடாது என்று அவர் பார்க்கிறார், நீ அவரைக் கேட்காமல் அவர் வண்டிக்கு ஆள் அனுப்புகிறாய். சொல்லமாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

மாதா உங்கள் நால்வரையும் காக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். எலேனிடம் ஹீட்டரை மறக்காமல் வாங்கிக்கொள். அடுத்த முறை போன் செய்யும்போது வண்டி எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேள். நல்லா இருக்கு என்பார். அதற்குமேல் எந்த யோசனையும் சொல்லாமல், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேள்.

உன் அம்மா,
சலோமி செல்வநாதன்