ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்

ராஜகீழ்ப்பாக்கம்,
3 ஆகஸ்ட் 2025

திரு. ஜீவானந்தம் அவர்களுக்கு,

ஏஞ்சல் எழுதுவது. நானும் சுஜியும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை வியாழக்கிழமை போனில் நீங்கள் கத்தியதிலிருந்தே தெரிந்துகொண்டேன். மஸ்கட்டில் உங்களோடு அறையில் தங்கியிருப்பவர்களும் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

போனில் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அதனால்தான் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படியுங்கள். கடைசிவரை படியுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது என்று முதலில் எழுத நினைத்தேன். அது உண்மையில்லை, இன்னொன்றும் கேட்கப்போகிறேன்.

“என் வண்டியை யாரைக் கேட்டுக் கழட்டினே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். யாரையும் கேட்கவில்லை. அந்த பி.எம்.டபிள்யூவைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அன்று, “உன் பேர்ல பதிஞ்சாத்தான் ராசி” என்று என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர். ஐந்து வருடம் அதில் ஸ்டியரிங்கைக்கூட என்னைத் தொட விட்டதில்லை. நீங்கள் பறந்து பறந்து ஓட்டியதற்கு அபராதச் செய்திகள் மட்டும் என் போனுக்கு வந்தன. அப்போது அது யார் வண்டி என்று நீங்கள் கேட்கவில்லை.

ஜூன் பதினான்கோடு வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்காவிட்டால் தெருவில் இறக்கக்கூடாது. மே மாதமே உங்கள் நண்பர் அன்பு பள்ளிக்கரணையிலிருந்து வந்து நின்றார். “அண்ணி, சாவியக் குடு, ரெண்டு கையெழுத்துப் போடு, போதும். புரோக்கர் ஒருத்தன் கீறான், வண்டியக் காட்டாமலே முடிச்சிக் குடுப்பான். நீ இன்னாத்துக்குப் பேஜார் ஆவுறே?” என்றார். நான் பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன். ரத்தமே எடுக்காமல் ரிப்போர்ட் கேட்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்வதைத்தான் அன்புவுக்கும் சொன்னேன். அவர் காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று மாலையே உங்கள் முதல் போன் வந்தது.

நீங்கள் மஸ்கட் போனதிலிருந்து மூன்று வருடமாக பார்க்கிங்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டியை, எடுத்துப் போகச் சொல்லி அசோசியேஷன்காரர்கள் வேறு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் ரேஷ்மாதான் தோத்தாத்ரி சாரைச் சொன்னாள். ஜெர்மன் வண்டிகளிலேயே முப்பது வருடம் கை வைத்தவர், முடிச்சூரில் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார். இழுத்துக்கொண்டு போன வண்டியை அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஏம்மா, இதை ஓட்டினவருக்கு இந்தக் கம்பெனி மேல என்ன கோபம்?” என்று கேட்டார். “எனக்கும் அவர் கோபம் எதுன்னு தெரியாது சார்” என்றேன்.

நீங்கள் ஆசையாகச் செய்தது ஒவ்வொன்றையும் அவர் எடுத்தார். சாலையை உரசும்படி நீங்கள் வெட்டிப் போட்ட ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங் மாட்டினார். தெருவில் இருந்த கைக்குழந்தைகளையெல்லாம் எழுப்பிய சைலன்சர் போயிற்று. எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைத்த நீல விளக்கும் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்பு பிலிமும் போயின. வண்டி முழுக்கச் சுற்றியிருந்த கறுப்பு ஸ்டிக்கரை இரண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நானே சூடு காட்டி உரித்தேன். நகம் இரண்டு உடைந்தது. ஆர்.சி.யில் நிறம் சில்வர் என்றுதான் இருக்கிறது. அடியில் அந்தச் சில்வர் அப்படியே இருந்தது. அன்பு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பியது அதைத்தான். அழகைக் கெடுத்துவிட்டேன் என்றீர்கள். இருக்கட்டும். இனி எழுதப்போவதை அன்பு உங்களுக்கு அனுப்பியிருக்கமாட்டார்.

ஜூலை இரண்டாம் தேதி புதன்கிழமை முதல் தடவை எப்.சி.க்குக் கொண்டுபோனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், விளக்கு, ஹாரன், புகை, பிரேக் எல்லாம் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். எனக்குப் பரீட்சையில் பாஸாவது போல இருந்தது. பின் கதவைத் திறந்தார். “பின்சீட்டு பெல்ட் எங்கம்மா?” என்றார். சீட் கவருக்கு உள்ளே போயிருக்கும் மேடம் என்றேன். அவர் கவரை இழுத்து, இடுக்கில் கையை முழங்கைவரை விட்டுத் துழாவினார். “உள்ளே ஒண்ணுமே இல்லையேம்மா. வீட்டுல குழந்தை இருக்கா?” என்று கேட்டார். வண்டியை நிராகரித்து எழுதிக் கொடுத்தார்.

அன்று மதியமே ஷெட்டில் தோத்தாத்ரி சார் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையைப் பிரித்தார். பெல்ட் சுருள்கள் இருக்க வேண்டிய இடம் அதுதானாம். அங்கே உங்கள் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. அவற்றை உட்கார வைக்க இடம் போதாமல், மூன்று பெல்ட்டையும் கழற்றி எடுத்துவிட்டு, போல்ட் துளைகளின் மேல் பிளைவுட் அடித்திருந்தது. ஸ்பீக்கரின் அடியில் கடைக்காரரின் வாரண்டி ஸ்டிக்கர். மாட்டிய தேதி பேனாவில் எழுதியிருந்தது. 24.10.2020. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

சுஜிக்கு அடிபட்டது 2021 ஜனவரி பதினாறு. காணும் பொங்கல்.

அந்தத் தேதியை நான் மூன்று தடவை படித்தேன். தோத்தாத்ரி சார் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. அங்கிருந்தே பள்ளிக்கரணைக்கு ஆட்டோ பிடித்து, இந்த வண்டி வேலைகளிலெல்லாம் உங்களோடு கூட நின்ற அன்புவின் கடைக்குப் போனேன். ஸ்டிக்கரை போனில் காட்டினேன். அவர் முதலில் தெரியாது என்றார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: “அண்ணி, மாதா மேல சத்தியமா நான் வோணான்னு சொன்னேன். அண்ணன்தான், ‘பின்னாடி எவன் உக்காரப் போறான், கழட்டிப் போட்றா’ன்னுச்சு. பெல்ட்டு மூணும் இன்னும் மூட்டையிலதான் கீது.” மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். எலி கடித்திருந்தது.

பின்னால் உட்கார்ந்தது உங்கள் மகள். ஆறு வயது. எனக்கு டூட்டி இருந்ததால் நீங்கள் மட்டும் அவளைக் கேளம்பாக்கத்துக்கு அழைத்துப் போனீர்கள். நாய் குறுக்கே வந்தது என்றீர்கள். வந்திருக்கும். வண்டி தடுப்புச் சுவரில் மோதி, அவள் முன்சீட்டுக் கம்பியில் வந்து விழுந்தாள். தாடையில் ஒன்பது தையல், இடது முழங்கை இரண்டு இடத்தில் முறிவு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? “பெல்ட் போட்டு விட்டேன். பாதி வழில கழட்டிட்டா. சொன்னா கேக்குற புள்ளையா அது?” என்றீர்கள்.

உள்ளே அவள், “பெல்ட் இல்லம்மா” என்றாள். தையல் வலியோடு, உதடு பிரியாமல், இரண்டு தடவை சொன்னாள். அப்பா மேல் பழி போடுகிறாயா என்று நான் அடித்தேன். தையல் போடாத கன்னத்தில் அடித்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “விடு ஏஞ்சல், சின்னப் புள்ள” என்று என் கையைப் பிடித்தீர்கள். எவ்வளவு நல்ல மனசு என்று அன்று நினைத்தேன்.

என் பங்கை நான் மறைக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் நாம் சேர்ந்து போன இரண்டு தடவையும் அவளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். பின்சீட்டில் பெல்ட் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை சொன்னதை நம்பவில்லை. அதற்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவள் மன்னித்தாளா என்று இன்னும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான்கரை வருடம் உங்கள் அக்கா சரோஜினி எந்த விசேஷத்துக்கு வந்தாலும், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைக்கு உதாரணமாக சுஜியின் முழங்கையைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது. ஒரு வருடத்துக்குள் அவள், “பெல்ட் இல்ல” என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். போன வருடம் பள்ளியில் ‘நான் செய்த தவறு’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். “நான் காரில் பெல்ட்டைக் கழற்றினேன். அதனால் அப்பாவின் கார் உடைந்தது. அப்பா வெளிநாடு போய்விட்டார்” என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பத்துக்கு ஒன்பது மார்க் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நீங்கள் கத்தியபோது இதெல்லாம் என் வாயில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் நீங்கள் மறுத்திருப்பீர்கள். அன்பு பொய் சொல்கிறான், கடைக்காரன் தேதியை மாற்றி எழுதிவிட்டான் என்று ஏதாவது வந்திருக்கும். அதைக் காதால் கேட்க எனக்கு விருப்பமில்லை.

எலி கடித்த பெல்ட்டை மாட்ட தோத்தாத்ரி சார் சம்மதிக்கவில்லை. புதிதாக வரவழைத்துத்தான் மாட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்று வாரம் ஆனது. இரண்டாவது தடவை, போன செவ்வாய்க்கிழமை, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேளச்சேரி சாலை முழுக்க, “பிரேக், பிரேக்” என்று கத்திக்கொண்டே வந்தார். அதே இன்ஸ்பெக்டர் அம்மா பின் கதவைத் திறந்து மூன்று பெல்ட்டையும் வேகமாகச் சுண்டி இழுத்துப் பார்த்தார். மூன்றும் சட்டென்று பிடித்து நின்றன. பாஸ் போட்டுவிட்டார். இன்னும் ஐந்து வருடத்துக்கு வண்டி ஓடலாம். அன்புவிடம் சாவியைக் கொடுக்கமாட்டேன். வண்டியைப் பற்றி இனி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவேண்டாம்.

அன்று மாலை சுஜியைக் கீழே பார்க்கிங்குக்கு அழைத்துப் போனேன். அடிபட்ட நாளிலிருந்து அவள் அந்த வண்டியின் பக்கமே போவதில்லை, தார்ப்பாய் மூடியிருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் லிப்டுக்குப் போவாள். பின் கதவைத் திறந்து காட்டினேன். ஸ்பீக்கர் இருந்த இடம், பிளைவுட் அடித்த ஆணித் தடம், போனில் இருந்த வாரண்டி ஸ்டிக்கர் படம் எல்லாம் காட்டினேன். தேதியை அவளே கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கணக்கில் கெட்டிக்காரி. பிறகு, “அப்போ நான் கழட்டலையாம்மா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நிஜமாவே கழட்டலையா? எனக்குக் கழட்டின மாதிரி ஞாபகம் இருக்கே” என்றாள்.

அதைக் கேட்டுவிட்டும் நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

பிறகு கேட்டாள்: “அப்பாவுக்கு இது தெரியுமா?”

தெரியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா மறந்திருப்பார், நான் எழுதுகிறேன், தெரிந்ததும் உனக்கே எழுதுவார் என்றேன். உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமையிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வருகிறாள். இந்தக் கடிதத்தையே நான் இன்றுதான் எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். நமக்குள் இருப்பதைப் பிறகு எப்படி வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளலாம், சர்ச்சிலோ கோர்ட்டிலோ. அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உறையின் மேல் அவள் பெயரையே எழுதுங்கள், என் பெயர் வேண்டாம். தமிழில் எழுதுங்கள், ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், நன்றாகப் படிப்பாள். பெல்ட் இல்லை, உனக்குத் தெரிந்ததுதான் உண்மை என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். நான் பொய் சொன்னேன் என்று அவள் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். பொம்மை, சாக்லேட் எதுவும் சேர்த்து அனுப்பாதீர்கள்.

பதினேழாம் தேதி அவளுக்குப் பதினோரு வயது முடிகிறது. அதற்குள் அது அவள் கையில் கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அதை எழுதும் தைரியத்தைக் கர்த்தர் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சுஜியின் அம்மா
ஏஞ்சல்