எனக்கு ரெண்டும் ஒண்டுதான்

1979 பெப்ரவரி 12, திங்கள்

கல்முனைச் சந்தைக்கு ஒரு வாளி வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். முன்பெல்லாம் றவூப்பின் கடையில் ஒரே ஒரு தகர வாளி தொங்கும். அதையும் அவர் பெண் கொடுப்பதுபோல் தயங்கித் தயங்கித்தான் தருவார். இப்போது அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிளாஸ்ரிக் வாளிகள், எல்லா நிறத்திலும். பச்சையைத் தூக்கினால் சிவப்பு நன்றாகத் தெரிகிறது. சிவப்பைத் தூக்கினால் நீலம் கண் சிமிட்டுகிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த றவூப் சொன்னார்: "நீங்கதானே சேர் எங்கட மகனுக்குப் பொருளியல் படிப்பிக்கிற? அவன் சோதினையில கோட்டை விட்டது ஏனெண்டு இப்பதான் விளங்குது."

மஃரிப் தொழுகைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அதற்கு முன் நானே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

மனைவி ஜுனைதா மட்டும் சிரிக்கவில்லை. "வாளி இல்லாட்டி வாயால தண்ணி அள்ளுங்க."

பெப்ரவரி 19

மகள் அஸீஸாவின் கலியாணம் வீட்டில் வந்து முட்டி நிற்கிறது. மாப்பிள்ளை ஷரிபுதீன், நாவிதன்வெளியில் கிளாக்கர். பொடியன் நல்லவன். அவனுடைய வாப்பா ஆதம்பாவாதான் கொஞ்சம் கடின சாமான். "வீடு முடியட்டும், கலியாணக் காவின் எழுதுவம்" என்கிறார்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. ஆண் ஒரு சூட்கேசோடு வந்து சேருவான். நானும் இந்த வீட்டில் ஜுனைதாவின் மரியாதைக்குரிய விருந்தாளி, இருபத்திரண்டு வருடமாக.

மகளுக்கென்று எழுப்பிய சுவர்களை நவம்பர்ச் சூறாவளி மடக்கிப் போட்டுவிட்டது. மிச்சக் காசுக்கு இரண்டு வழி. எங்கள் வளவிலேயே தென்னங்கிடுகு வேய்ந்த இரண்டறை. இல்லையென்றால் கடற்கரைப் பக்கத்தில் ஓட்டு வீடு - மூன்று அறை, விறாந்தை, உப்புக் கரிக்காத கிணறு. பாதி விலை.

ஏன் பாதி விலை? சூறாவளியில் அதன் ஒரு சுவர் விழுந்து ஆசியா என்ற பெண் மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவரின் கூடப்பிறந்த காக்காமார் சுவரைத் திருப்பிக் கட்டி விற்கிறார்கள். ஊரில் ஒருவரும் கிட்டப் போகிறார்கள் இல்லை.

பெப்ரவரி 20

பொருளியல் புத்தகத்தில் மவுத்தானவருக்கு விலை இல்லை. நுகர்வோன் பொருளைப் பார்ப்பான், விலையைப் பார்ப்பான், கையிலுள்ள காசுக்கு எதில் திருப்தி கூடவோ அதை எடுப்பான். இதைப் பதினைந்து வருடம் கரும்பலகையில் எழுதி வயிறு வளர்த்தவன், தன் காரியம் வந்ததும் பேய்க்குப் பயந்தான் என்று வரக்கூடாது.

வாளியில் விட்ட மானத்தை வீட்டில் பிடிப்பேன்.

மார்ச் 3

வாங்கியாயிற்று, அஸீஸாவின் பெயரில். ஆதம்பாவா நேரில் வந்து கூரையைப் பார்த்து, "ஓடு நல்ல ஓடு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இதற்குமேல் ஒரு புகழ்ச்சி வராது.

மார்ச் 9

தாயும் மகளும் போய்க் கழுவுகிறார்கள், பெருக்குகிறார்கள். நான் மேற்பார்வை. அதாவது நிழல் பார்த்து உட்காருவது.

ஒரு விஷயம். குசினியில் சுவர்த்தட்டுகள் எல்லாம் பதிவாக, தாழ்த்தி அடித்திருக்கின்றன. ஆசியா கட்டையான பெண் போலும். விளக்குக்கு ஒரு ஆணி, சீப்புக்கு ஒரு ஆணி. "எத எங்க வைக்கலாமெண்டு பாத்தாலும் அங்க ஒரு இடம் ஏலவே இரிக்கி வாப்பா" என்றாள் அஸீஸா. நான் சிரித்தேன். முதுகு சிரிக்கவில்லை.

மார்ச் 12

அசர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடியில் ஒருவர் நின்றார். நான் செருமியதும் படலையால் போய்விட்டார்.

மார்ச் 13

இன்றும்.

மார்ச் 15

பேயென்றால் ஓதி விரட்டலாம். இது முகம்மது தம்பி, ஆசியாவின் புருஷன். கூடப்பிறந்த ராத்தா வீட்டுக் கோடிப்புறத்தில் படுக்கிறாராம். பின்னேரம் இங்கே வந்து ஒரு வாளித் தண்ணீர் அள்ளி, யாருக்கும் கொடுக்காமல், மண்ணில் ஊற்றிவிட்டுப் போகிறார்.

"உங்கட பங்கையும் வித்துப்போட்டீங்களே, இரிந்திருக்கலாமே" என்றேன்.

"பொஞ்சாதி இல்லாத ஊட்டுல மாப்பிள்ளைக்கு என்ன சேர் வேல?"

நானும் ஒரு மாப்பிள்ளைதான். வீட்டுக்கு வந்து ஜுனைதாவை மருந்து குடிக்கச் சொன்னேன். "எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள். தெரியாது. சும்மா குடி.

மார்ச் 18

கேட்காமல் விட்டிருக்கலாம். என் வாய்! ஊர்ப் புதினம் தேடுகிற வாய்.

விறாந்தையில் பக்கத்தில் இருத்தி, "அண்டைக்கு என்னதான் நடந்த?" என்றேன். முகம்மது தம்பி கதையை மெதுவாகத்தான் சொன்னார். காற்று இரண்டு பக்கமும் அடித்தது. கதவும் பிய்யப் பார்த்தது, யன்னலும் பிய்யப் பார்த்தது. இருந்தது இரண்டு பேர்.

"நீ எதப் பிடிக்கிற எண்டு கேட்டன் சேர். 'எனக்கு ரெண்டும் ஒண்டுதான், நீங்க கதவப் பிடிங்க' எண்டாள். நான் கதவப் பிடிச்சன்."

யன்னல் பக்கச் சுவர்தான் விழுந்தது.

"அவளுக்கு மெய்யாவே ரெண்டும் ஒண்டா? இல்லாட்டிக் கதவு பலமெண்டு தெரிஞ்சா எனக்குத் தந்தாள்? நீங்க படிச்ச ஆள். செல்லுங்க சேர்."

தேத்தண்ணி ஆறிப்போச்சு குடிங்க என்றேன். அதைத்தான் சொன்னேன்.

மார்ச் 20

இன்று பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமநோக்கு வளையி. வழமையாக இதில்தான் என் பகிடிகள் எல்லாம். வாழைப்பழமும் தோடம்பழமும், பெரிய மாமியும் சின்ன மாமியும். இந்தக் கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் நுகர்வோனுக்கு ஒரே திருப்தி, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். கோடு பாதியில் நின்றது. ஒன்று கதவு. ஒன்று யன்னல்.

சோக்குத் தூள் தொண்டைக்குள் போய்விட்டது என்று சொல்லி வெளியே வந்தேன்.

மார்ச் 21

வீடு யாருக்கு? அஸீஸாவுக்கு. இருந்து சமைத்துப் பெற்று வளர்க்கப் போவது யார்? அவள். அவளிடம் யாராவது கேட்டோமா? மாப்பிள்ளையின் வாப்பாவிடம் கேட்டோம், மேசனிடம் கேட்டோம். நான் புத்தகத்திடம்கூடக் கேட்டேன்!

மார்ச் 22

கேட்டேன். "மகள், உனக்கு எது வேணும்? ஓட்டு வீடா, எங்கட வளவுல கிடுகு வீடா?"

தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "எனக்கு ரெண்டும் ஒண்டுதான் வாப்பா."

யா அல்லாஹ், அதே சொல். ஒரு எழுத்து மாறவில்லை.

"அப்படிச் செல்லாத! ஒண்ட செல்லு!" கத்தியேவிட்டேன் போல. ஜுனைதா குசினியிலிருந்து ஓடிவந்தாள். "என்னத்துக்குப் புள்ளயப் பொலிசுக்காரன் மாதிரி விசாரிக்கிறீங்க?" நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த வீட்டுக்குள் பயமா, கனவு ஏதும் கண்டாயா, அந்தச் சுவரைப் பார்த்தால் என்னவும் செய்கிறதா -

அஸீஸா என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, "கிடுகு ஊடு போதும் வாப்பா" என்றாள்.

அப்பாடா. இஷாத் தொழுதுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றேன். புத்தகத்தை விடப் பெரிய காரியம் செய்திருக்கிறேன், ஒரு பெண்ணிடம் அவள் விருப்பத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2

ஆதம்பாவா வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கிடுகுக்குள்ள என்ட மகன விடச் செல்றீங்களா?"

"புள்ளையின்ட விருப்பம், காக்கா."

"புள்ளையின்ட விருப்பமா!" அவர் இப்படி ஒரு பண்டம் உலகத்தில் இருப்பதை இன்றுதான் கேள்விப்பட்டார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். பின்னால் ஷரிபுதீன். படலையடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஏப்ரல் 11

ஷரிபுதீனுக்கு மருதமுனையில் வேறு பெண் பேசியாகிவிட்டதாம். மேல்மாடி வீடாம். றவூப்தான் சொன்னார். அவருக்கே சொல்லச் சந்தோஷமாக இருக்கவில்லை.

ஜூன் 5

ஓட்டு வீட்டைச் சம்மாந்துறை ஆட்கள் வாங்கிவிட்டார்கள், நான் வாங்கியதிலும் குறைத்து. பொருளியல் ஆசிரியரின் வியாபாரம்! மாணவர்களிடம் நானே சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

ஓகஸ்ட் 14

முகம்மது தம்பியைச் சந்தையில் கண்டேன். புது ஆட்கள் படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம். "கதவுதான் சேர் எனக்கு எப்பவும்" என்றார். பகிடியா?

1980 ஜனவரி 27

கிடுகு வீடு முடிந்து மூன்று மாதம். மாரிக்கு ஒழுகுகிறது. அஸீஸா அங்கே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறாள். வேறு சம்மந்தம் வரும், இன்ஷா அல்லாஹ். வரும்.

பெப்ரவரி 5

காலையில் ஜுனைதா மீன் வெட்டியபடி சும்மா கதைபோலக் கேட்டாள்: "அந்தக் கடற்கரை ஊட்டுப் பக்கம் போறல்லியா நீங்க?"

"ஏன்?"

"அஸீஸா அங்க கிணத்தடியில கறிவேப்பிலைக் கண்டு ஒண்டு நட்டவள். கழுவப் போன முதல் கிழமையே நட்டாள். குசினி யன்னலால கைய நீட்டினா ஒடிக்கலாமாம், அளந்து பாத்து நட்டாள். புடிச்சிரிக்குமா எண்டு நேத்துக் கேட்டாள்."

"எனக்கு ஏன் நீ செல்லல்ல?"

"நீங்க கேட்ட கேள்வியில அதுக்கு எங்க இடம்?"

பாடசாலை முடிந்து போனேன். சம்மாந்துறைக்காரர் நல்ல மனிதர், உள்ளே கூப்பிட்டார். கிணற்றடியில் ஒன்றும் இல்லை. கேட்டேன். "அந்தச் சின்னக் கண்டா சேர்? வந்த அண்டைக்கே ஆடு திண்டிட்டு."

குசினி யன்னலருகே நின்று கையை நீட்டிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது பின்வளவில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜுனைதா கேட்டாள்: "கண்டு இரிக்கா?"

"ஓம். இடுப்பளவு வந்திட்டு. நல்ல வாசம்."

பின்னால் மெஷின் நின்றது. நான் செருப்பைக் கழற்றிக் கால் கழுவி முடியும் வரைக்கும் சத்தமில்லை. பிறகு மெதுவாக, பழையபடி, ஓடத் தொடங்கியது.