ஏற்றத்தில் தட்டிய எஞ்சின்

என் உயிரான அண்ணாச்சிக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் வருஷம் திரும்பப் போகிறது. வீட்டுச் செய்தியை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு உங்கள் மோட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். வழியில் பார்க்கிற, உங்களோடு கோர்ட்டில் இருந்த வக்கீல் நண்பர்களெல்லாம் அதைத்தான் விசாரிக்கிறார்கள். அவர்களும் இதை வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் மகள் சிவகாமி மறுபடி உண்டாகியிருக்கிறாள். போன தடவை புகுந்த வீடான களக்காட்டிலிருந்து மாட்டுவண்டியில் அழைத்து வந்தபோது, குலுக்கலில் பிள்ளை தங்காமல் போயிற்றே, அந்த வேதனையில்தானே நீங்கள் மோட்டாரே வாங்கினீர்கள்? இந்தத் தடவை பிரசவத்துக்கு அதில்தான் வருவேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

மோட்டாரோ சண்டித்தனம் செய்தது. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடினால் ஒரு குறையுமில்லை. வேகம் கூட்டினாலோ, மேடு ஏறினாலோ, உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல டக் டக்கென்று தட்டும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். இப்போது ஓட்டுவது நம் சுடலை. வில்வண்டி ஓட்டியவன், நீங்கள் ஓட்டுவதைப் பார்த்தே மோட்டாரும் பழகியவன். "ஐயா கையில பொட்டிப் பாம்பா கெடந்துது. என்கிட்ட மட்டும் சீறுது" என்று அழாக்குறையாக நின்றான்.

எண்ணெய் பார்த்தோம், திருகாணியெல்லாம் முடுக்கினோம். சத்தம் போகவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு ஃபிட்டரை வரவழைத்தேன். துறைமுகத்து நீராவி எந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். காது வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் தேஞ்சு போச்சு. எஞ்சினப் பிரிச்சிர வேண்டியதுதான்" என்றார்.

பிரித்தால் சாமான் சீமையிலிருந்து வரவேண்டும். யுத்தம் நடக்கிற காலத்தில் எந்தக் கப்பலை நம்புவது? பிரிக்காமல் போய், நாங்குநேரிப் பக்கம் எஞ்சின் உடைந்து நின்றால், பிள்ளைத்தாச்சியை மறுபடி மாட்டுவண்டியில்தானே ஏற்றவேண்டும்? பேரிங் தேய்ந்திருந்தால் நின்றபடி ஓடும்போதும் கொஞ்சமாவது தட்டாதா என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம். சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீங்கள் போன பிறகு முற்றம் தாண்டாத மதினி, அன்றைக்கு வண்டிக்கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். மகள் காரியம், உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. சுடலையை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அவன் முன்னால் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே, பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியை முந்தியும் பிந்தியும் விழச்செய்கிற நெம்புகோலை மேலே தள்ளி, அங்கே இருந்த குங்குமப் பொட்டுக்கு நேராக நிறுத்தினான்.

"ஏல சுடலை, அதை எதுக்கு அங்கன கொண்டு நிப்பாட்டுத?" என்றார்கள் மதினி.

"ஐயா வச்ச குறிம்மா. கெளப்பும்போது எறக்குவேன், கெளம்பினதும் குறிக்கே கொண்டாந்துருவேன். நூலளவு பெசகமாட்டேன்."

நானும் அதைக் குறி என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி துடைக்கும்போதுகூட அந்த இடத்தில் துணி பட விட்டதில்லை.

"கூறுகெட்டவனே, அது ஆயுதபூசைக்கு வச்ச பொட்டுல்லா! வெளக்குக்கு ஒண்ணு, ஹாரனுக்கு ஒண்ணுன்னு வச்ச மாதிரி இதுக்கும் வச்சாக. மேடு வந்தா அவுக அதைப் பைய எறக்குவாக, சமதரை வந்ததும் ஏத்துவாக. நான் பக்கத்துலதான இருந்தேன், தம்பி!" என்று மதினி என் பக்கம் திரும்பிச் சொன்னார்கள்.

யார் என்ன பேசினாலும் சரியென்று மதினியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் வழக்கம்போல் தட்டியது. சுடலை நெம்புகோலைச் சற்றே இறக்கினான், சத்தம் நின்றது. இன்னும் இறக்கினால் வண்டி இழுக்கமாட்டாமல் இளைத்தது, எஞ்சின் சுட்டது. தட்டவும் கூடாது, இளைக்கவும் கூடாது, அதற்கு நடுவில் பிடிக்கவேண்டும். நெம்புகோல் எப்போதும் மேலேயே நின்றதால் வேளைக்கு முந்தி விழுந்த பொறிதான் பாரம் இழுக்கும்போது அப்படி முட்டியிருக்கிறது. நீராவி எந்திரத்தில் பொறி ஏது? ஃபிட்டரைக் குறை சொல்ல முடியாது.

மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவுக இருந்தா இதைக் கோர்ட்டுக் கச்சேரி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாக" என்றார்கள். சொல்லும்போதே அழுதுவிட்டார்கள். எனக்கும் உங்களை அப்போதே பார்க்கவேண்டும் போல இருந்தது.

நேற்று சிவகாமியை அழைத்து வந்தோம். மதினி மடியில் தலை வைத்துப் படுத்தவள், வீட்டு வாசலில் வண்டி நின்றபோதுதான் கண் விழித்தாள். "சித்தப்பா, களக்காட்டுல இருந்து எப்பம் கெளம்புனோம்?" என்று கேட்கிறாள்! நீங்கள் மோட்டார் வாங்கிய காரியம் நடந்துவிட்டது, அண்ணாச்சி. ஓட்டிக்கொண்டு வர நீங்கள்தான் இல்லை.

பிள்ளை பிறந்ததும் தாயையும் சேயையும் இதே மோட்டாரில் குலுங்காமல் களக்காட்டில் கொண்டுபோய் விடுவேன். அதற்காக நானே ஓட்டப் பழகுகிறேன். வழியில் அந்தப் பிள்ளைக்கு முதலில் சொல்லப்போகிற பெயர் உங்களுடையதுதான்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி