அக்கா ஓடவில்லை

என் செல்லச் சோம்பேறி சேகருக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் பதினாறாம் நாளுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எந்தம்பி கம்பெனில டைப்படிக்கிறவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் நீ 'டைப், டைப்' என்று பேசியதைக் கேட்ட நாலாங்கிளாஸ் மூளை வேறென்ன நினைக்கும்? உன்கூட வேலை பார்த்த கன்னடப் பையன் மஞ்சுதான் தனியே கூப்பிட்டுத் திருத்தினான்.

எந்தக் கட்டத்தில் பெயர் வரும், எதில் எண், எதில் தேதி, எதைக் காலியாக விடலாம் என்று புரோகிராம் எழுதும்போது பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டுமாம். அதுதான் டைப்பாம். கையால் எழுதச் சோம்பல்பட்டு, பதிவேட்டைத் தானே படித்து அந்தக் குறிப்பைத் தானே எழுதிவிடும் ஒரு புரோகிராமைச் செய்துவைத்தாயாம். அதற்கு 'அக்கா' என்று பெயராம். ஏண்டா, வேறு பெயரே கிடைக்கவில்லையா?

போன வாரம் தொம்மலூரில் என் இட்லி மாவுக்கடையில் இருந்தபோது மஞ்சு போன் செய்தான்.

"அக்கா, அக்கா ஓடல!"

"நான் எங்கடா ஓடறது? முட்டிவலில நிக்கவே முடியல."

"ஐயோ, நீங்க இல்லக்கா. சேகரோட அக்கா."

"அதுவும் நாந்தாண்டா."

பிறகுதான் புரிந்தது. ஆபீசில் எல்லாவற்றையும் புது வெர்ஷனுக்கு மாற்றியதில் உன் புரோகிராம் நின்றுவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஓடாவிட்டால் தூக்கிவிடச் சொல்லிவிட்டாராம் மேனேஜர். நீ செய்ததில் அங்கே மிச்சம் அது ஒன்றுதான் என்றான் மஞ்சு. உன் பழைய லேப்டாப்பை மாவுப் பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் நீ பாதியில் விட்ட திருத்தம் இருந்ததாம். எல்லாவற்றையும் ஏன் பாதியில் விட்டாய், சேகர்?

மீதியை மஞ்சு எழுதினான். திங்கட்கிழமை ஒரு கிளினிக்கின் நோயாளிப் பதிவேட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டினான். ஒரு கட்டம் விடாமல் எழுதிவிட்டதாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேனேஜரும் கன்னடத்தில், "இர்லி பிடி" என்றாராம்.

"அக்கா, அக்கா பாஸ்!" என்று போனில் கத்தினான். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்காக அப்படிக் கத்தியதில்லை.

வாரம் ஒரு டப்பா மாவு கொடுத்தாவது மஞ்சுவை அதைப் பார்த்துக்கொள்ள வைப்பேன். இது சத்தியம்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் திறந்தது. பதிவுப் படிவம் உன் புரோகிராம் எழுதியதைப் பார்த்துத்தான் தயாராகிறது. 'இறந்த தேதி' என்ற கட்டத்தைக் காலியாக விடலாம் என்று எழுத அது மறந்திருந்தது; அதை நிரப்பாத யாரையும் படிவம் ஏற்கவில்லை. சளி, காய்ச்சலோடு வந்தவர்கள் மதியம் வரை வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் அன்றைய தேதியைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உன் கூடப் பிறந்த அக்கா,
மல்லிகா