வழுக்காத பலூனும் ஈர மல்லாட்டையும்

செவ்வாய், விழுப்புரம்.

மல்லாட்டை (வேர்க்கடலை) பயிரிடும் திண்டிவனத்து விவசாயி ஒருவரின் கால் ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க டாக்டர் உள்ளே வைத்த பழைய வகைப் பலூன், விரிக்க விரிக்க வழுக்கி ஓடியது. மேலே மெல்லிய கம்பி சுற்றிய எங்கள் கம்பெனியின் புதுப் பலூன் வழுக்காது என்று பக்கத்தில் நின்று விளக்கினேன். டாக்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கால் மட்டும் மரத்து, விழித்தபடி படுத்திருந்த விவசாயிதான் சொன்னார்: "ஈர மல்லாட்டைப் பருப்ப அமுக்குனா எகிறி ஓடுதில்லீங்க? நூல் சுத்தி அமுக்குங்க, நிக்கும். தம்பி அதத்தான் சொல்லிக்கினு இருக்காரு."

டாக்டர் சிரித்துவிட்டுப் புதுசைக் கேட்டார். நின்றது. அடைப்பும் திறந்தது.

"நாளைக்குப் பாண்டி டாக்டருங்க கூட்டத்துல இந்தப் பலூனப் பத்திப் பேச இவரயே கூட்டிக்கினு போங்க" என்றார் டாக்டர் என்னிடம்.

"கால் சரியாவட்டும், வர்றேன்" என்றார் விவசாயி.

நாளை நான்தான் பேச வேண்டும். ஒத்திகைக்குக் கால் கிலோ மல்லாட்டை வாங்கி ஊறவைத்தேன். முதல் பருப்பு எகிறிக் கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. மிச்சத்தைத் தின்றுவிட்டேன்.